எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையும் சத்தான உணவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொள்ள முடிவெடுத்தவர்களும், செய்துகொண்டவர்களும், அவர்களுக்குச் சமைத்துப் போடும் வீட்டாரும் உணவு பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. பரவலாகச் செய்யப்படும் ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது), பைபாஸ் (இரைப்பையைச் சிறு பையாக்கி, முன்சிறுகுடலைத் தாண்டி உணவு இறங்கும்படி இணைப்பது) ஆகிய இரண்டு முறைகளையும், மூன்று வேளையும் அரிசியைச் சுற்றியே அமையும் நம் வீட்டுச் சமையலையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. இங்கே தரப்படும் அளவுகள் பொதுவானவை. உங்கள் அறுவை சிகிச்சைக் குழு வேறு அளவைச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றவும்.

அதிகமாகச் சாப்பிட்டதால்தானே எடை கூடியது? அப்படிப்பட்டவருக்குச் சத்துக்குறைவு எப்படி வரும்?

உடல் பருமன் வேறு, சத்து நிறைவு வேறு. அரிசி, மைதா, சர்க்கரை, எண்ணெய் ஆகியவற்றிலிருந்து தேவைக்கு மேல் ஆற்றல் கிடைத்துக்கொண்டிருக்கும் அதே உடலில் இரும்பும், வைட்டமின் டி-யும், பி12-உம் குறைந்திருப்பது மிகச் சாதாரணமான நிலை. அறுவை சிகிச்சைக்கு முன்பே இப்படிக் குறைவோடு வருபவர்கள் பலர். சைவ உணவுக்காரர்களிடம் பி12 குறைவு இன்னும் கூடுதலாகக் காணப்படும்.

அறுவை சிகிச்சை இந்தக் குறைவை இரண்டு வழிகளில் ஆழமாக்கக்கூடும். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் ஏறத்தாழ 75 முதல் 80 விழுக்காடு வெட்டி எடுக்கப்படுகிறது. அதனால் உண்ணும் அளவு குறைவதோடு, அமிலத்தையும், பி12-ஐக் குடல் உறிஞ்சத் துணைநிற்கும் புரதப் பொருளையும் சுரக்கும் பகுதியின் பெரும்பங்கும் போய்விடுகிறது. பைபாஸ் முறையில் ஏறத்தாழ 30 மி.லி. கொள்ளும் சிறு பை மட்டும் இரைப்பையாக வேலை செய்ய, உணவு முன்சிறுகுடலைத் தொடாமலே கீழே இறங்கிவிடுகிறது. இரும்பும் கால்சியமும் முதன்மையாக உறிஞ்சப்படும் இடம் அந்த முன்சிறுகுடல்தான். எனவே எவ்வளவு நல்ல உணவை உண்டாலும் அதிலுள்ள இரும்பு முழுமையாக இரத்தத்துக்குப் போய்ச் சேராது. உடலின் தேவையோ அறுவை சிகிச்சையால் சிறிதும் குறைவதில்லை.

அறுவை சிகிச்சைக்கு முன் என்ன செய்ய வேண்டும்?

முதலில் இரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் மட்டும் போதாது. ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, கால்சியம், அல்புமின் (இரத்தத்தில் உள்ள ஒரு புரதம்) ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். குறைவு இருந்தால் அதை அறுவை சிகிச்சைக்கு முன்பே சரிசெய்வது எளிது. உறிஞ்சும் வழி குறுகிய பிறகு அதே குறைவை நிரப்பப் பல மாதங்கள் ஆகலாம்; சில சமயம் இரும்பை இரத்தக் குழாய் வழியாகவே ஏற்ற நேரிடும்.

அடுத்தது, சிகிச்சைக்கு முந்தைய சுமார் இரண்டு வாரங்களுக்கான குறைந்த கலோரி உணவு. பல மருத்துவமனைகள் நாளுக்கு 800 முதல் 1,000 கலோரி வரை மட்டும் அனுமதிக்கும். மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தைக் காக்கும் இந்த உணவால் கொழுப்பேறிய கல்லீரல் சுருங்குகிறது. கல்லீரலின் இடப்பக்க மடல் இரைப்பையின் மேல் படிந்திருப்பதால், அது சுருங்கினால்தான் மருத்துவருக்குக் கருவியை நுழைக்க வழி கிடைக்கும். இந்தக் காரணம் தெரியாமல், "இனிமேல் சாப்பிடவா போகிறோம்" என்று உறவினர் வீடுகளில் பிரியாவிடை விருந்து உண்டுவிட்டு வருபவர்கள் உண்டு. அது அறுவை சிகிச்சையையே கடினமாக்கும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், இந்த உணவைத் தொடங்கும் நாளிலேயே மருந்தளவைக் குறைப்பது பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும்.

சிகிச்சை முடிந்த முதல் வாரங்களில் நம் வீட்டுச் சமையலில் எதை உண்ணலாம்?

முதல் ஓரிரு நாட்கள் தெளிந்த திரவ உணவு மட்டும்: காரமில்லாமல் வடிகட்டிய ரசம், பருப்புத் தெளிவு, காய்கறி சூப் அல்லது எலும்பு சூப். அதன்பின் ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குக் கொழுப்பு நீக்கிய பால், மோர், புரத பவுடர் கலந்த பானம். மூன்றாம், நான்காம் வாரங்களில் மிக்ஸியில் அரைத்த உணவு: பாசிப்பருப்புக் கடைசல், மசித்த பன்னீர், கெட்டித் தயிர், அரைத்த மீன். ஐந்தாம் வாரத்திலிருந்து மென்மையான உணவு: முட்டைப் பொரியல், நன்கு வெந்த காய்கள், ஆவியில் வேகவைத்த மீன். வழக்கமான உணவு ஆறு முதல் எட்டு வாரங்களுக்குப் பிறகுதான். இந்தக் கால அளவு மருத்துவமனைக்கு மருத்துவமனை சிறிது மாறும். முந்திக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போவது மட்டும் எங்கும் ஏற்கப்படுவதில்லை. உள்ளே இருப்பது ஆறிக்கொண்டிருக்கும் தையல்.

இங்கே கஞ்சி பற்றிச் சொல்ல வேண்டும். உடம்புக்கு முடியாதவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பது நம் வீடுகளின் முதல் அன்பு. ஆனால் அரிசிக் கஞ்சியிலும் ஜவ்வரிசிக் கஞ்சியிலும் மாவுச்சத்தைத் தவிர வேறொன்றும் பெரிதாக இல்லை. சத்துமாவுக் கஞ்சியும், பெயர் எதுவாக இருந்தாலும், பெரும்பகுதி தானியமே. கடையில் வாங்கும் மால்ட் பானப் பொடிகள் பலவற்றில் சர்க்கரைதான் மிகுதி. ஒரு வேளைக்கு நான்கைந்து மேசைக்கரண்டி மட்டுமே இறங்கும் காலத்தில் அந்த இடத்தைக் கஞ்சிக்குக் கொடுத்துவிட்டால் புரதத்துக்கு இடமில்லாமல் போகும். கொடுத்தே தீர வேண்டுமென்று மாமியாரோ அம்மாவோ வற்புறுத்தினால், அந்தக் கஞ்சியில் பாசிப்பருப்பைப் பெரும்பங்காகவும் அரிசியைச் சிறுபங்காகவும் போட்டு, பால் சேர்த்து அரைத்துத் தரச் சொல்லுங்கள்.

புரதம் ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்? நாங்கள் சைவம், அந்த அளவை எட்ட முடியுமா?

பெரும்பாலானவர்களுக்கு நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் வரை தேவை. எடை வேகமாக இறங்கும்போது உடல் கொழுப்பை மட்டும் கரைப்பதில்லை. புரதம் போதாவிட்டால் தசையையும் சேர்த்துக் கரைக்கும். தராசு இரண்டையும் பிரித்துக் காட்டாது என்பதால், எடை நன்றாகக் குறைகிறது என்று மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே மாடிப்படி ஏறக் கால் தளர்வதை உணர்பவர்கள் இருக்கிறார்கள்.

அசைவம் உண்பவர்களுக்கு இது அவ்வளவு கடினமல்ல. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், சமைத்த கோழி இறைச்சி 100 கிராமில் 25 கிராமுக்கு மேல், மீனில் அதைவிடச் சற்றுக் குறைவாகப் புரதம் உண்டு. கோழி உலர்ந்து நார்நாராக இருந்தால் சிக்கிக்கொள்ளும். மீனும் முட்டையும் எளிதில் இறங்கும்.

சைவத்தில் கணக்கு போட்டுத்தான் உண்ண வேண்டும். 200 மி.லி. பாலில் 6 முதல் 7 கிராம், 200 கிராம் கெட்டித் தயிரில் ஏறத்தாழ அதே அளவு, 50 கிராம் பன்னீரில் 9 கிராம் அளவு, 30 கிராம் பருப்பை வேகவைத்தால் 7 கிராம், அதே எடை கொண்டைக்கடலையைச் சுண்டலாக்கினால் 6 கிராம், 20 கிராம் உலர்ந்த சோயா உருண்டையில் 10 கிராம். இவை அனைத்தையும் ஒரே நாளில் உண்டாலும் 45 கிராமைத்தான் தொடுகிறோம். மேலும், முதல் மூன்று மாதங்களில் இவ்வளவையும் உண்ண வயிற்றில் இடமிருக்காது. ஆகவே சைவ உணவுக்காரர்களுக்கு அந்தக் காலத்தில் புரத பவுடர் தவிர்க்க முடியாதது என்றே கருதுகிறேன். ஒரு கரண்டிக்கு 20 முதல் 25 கிராம் புரதமும் மிகக் குறைந்த சர்க்கரையும் உள்ள வே பவுடர் (பாலிலிருந்து பிரித்தெடுத்த புரதம்) பொருத்தமானது. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள், பால் சர்க்கரை பெரும்பாலும் நீக்கப்பட்ட வே ஐசோலேட்டையோ சோயாவையோ தேர்ந்தெடுக்கலாம்.

ஒரு பொதுவான தவறான எண்ணத்தையும் நீக்க வேண்டும். "தினமும் சாம்பார் ஊற்றிக்கொள்கிறோமே" என்பது பலர் சொல்லும் பதில். நம் சாம்பாரில் ஒருவர் பங்குக்கு விழும் பருப்பு மிகக் கொஞ்சம், மீதி புளித்தண்ணீர். பருப்பு புரதமாகக் கணக்கில் சேர வேண்டுமானால் அது கரண்டியில் நிற்கும் கெட்டியில் இருக்க வேண்டும்.

சோறு, இட்லி, தோசை இனி உண்ணவே கூடாதா?

உண்ணலாம், வரிசையை மாற்றி. நம் இலையில் சோறுதான் நடுவில் குவிக்கப்படும். மற்றவை அதைத் தொட்டுக்கொள்ள ஓரத்தில் இருக்கும். இனிமேல் பன்னீரோ, முட்டையோ, கெட்டிப் பருப்போ முதலில். அடுத்து காய், கீரை. வயிற்றில் இடமிருந்தால் இரண்டு வாய் சோறு. பல நாட்கள் அந்த இரண்டு வாய்க்கும் இடமிருக்காது; அதனால் குறையொன்றும் இல்லை. இட்லியைச் சாம்பாரில் ஊறவைப்பதைவிட, ஒரு சிறிய இட்லியோடு கெட்டிப் பருப்புக் கடைசலைச் சேர்த்து உண்பது மேல். பிசுபிசுப்பான குழைந்த சோறு, பிரெட், பரோட்டா ஆகியவை உருண்டு அடைத்துக்கொள்வதாகப் பலர் சொல்வார்கள்.

நார் மிகுந்த சிலவற்றில் எச்சரிக்கை தேவை. முருங்கைக்காய்ச் சக்கை, பனங்கிழங்கு, கரும்பு, ஆரஞ்சுச் சுளையின் வெண்தோல் போன்றவற்றைச் சரியாக மெல்லாமல் விழுங்கினால் அவை திரண்டு கட்டியாகி வழியை அடைக்கக்கூடும். முருங்கைக்காயின் உட்சதையை வழித்து உண்ணலாம். சக்கையைத் துப்பிவிட வேண்டும்.

உணவோடு தண்ணீர் குடிக்கக் கூடாது என்கிறார்களே, ஏன்?

சிறிய பையில் தண்ணீர் நிரம்பினால் உணவுக்கு இடம் போய்விடும். உணவு விரைவாகக் கீழே அடித்துச் செல்லப்பட்டு மீண்டும் பசிக்கவும் கூடும். உணவு முடிந்து 30 நிமிடங்கள் கழித்துக் குடிக்கத் தொடங்குங்கள். நாளுக்கு 1.5 முதல் 2 லிட்டர் வரை தேவை. ஒரே மூச்சில் குடிக்க இயலாது என்பதால் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு மடக்கு மடக்காக நாள் முழுவதும் குடிக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் வேலைக்குச் செல்பவர்கள் இதில் சற்று அசந்தாலும் தலைசுற்றி விழ நேரிடும்.

என் கணவருக்கு அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதம் ஆகிறது. சில நாட்களாக எதை உண்டாலும் வாந்தி. குளுக்கோஸ் ஏற்றினால் சரியாகிவிடுமா?

இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இந்த விடையைப் படித்துவிடுங்கள்.

வேகமாக உண்டதாலோ, மெல்லாமல் விழுங்கியதாலோ எப்போதாவது ஒருமுறை வாந்தி வருவது வேறு. இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து வாந்தி வந்தால், அது உணவு இறங்கும் வழி குறுகியிருப்பதன் அறிகுறியாகவும் இருக்கலாம். காரணம் எதுவானாலும் அதன் விளைவாகத் தயமின் எனப்படும் வைட்டமின் பி1 தீர்ந்துபோகும். பி12 கல்லீரலில் சில ஆண்டுகளுக்குப் போதுமான அளவு சேமிப்பில் இருக்கும். தயமினோ இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் தாங்காது. அது தீர்ந்தால் கால்களில் எரிச்சல், மதமதப்பு, நடையில் தள்ளாட்டம், பார்வை இரட்டையாகத் தெரிதல், குழப்பமான பேச்சு என்று மூளையையும் நரம்பையும் தாக்கும். காலம் கடந்தால் நினைவாற்றல் நிரந்தரமாகப் பாதிக்கப்படும்.

உடம்பு தளர்ந்தால் தெருமுனைக் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம். குளுக்கோஸை உடல் எரிப்பதற்கே தயமின் வேண்டும். மீதமிருந்த கொஞ்சத் தயமினையும் அந்த பாட்டில் இழுத்துக்கொள்ள, அதுவரை வெறும் வாந்தியாக இருந்தது மூளைப் பாதிப்பாக மாறிவிடலாம். எனவே தயமின் ஊசியை முதலில் போட்டுவிட்டுத்தான் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். உங்கள் கணவரை இன்றே அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தொலைவு காரணமாக வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால், டிஸ்சார்ஜ் சம்மரியை அவர் கையில் கொடுத்து, இன்ன அறுவை சிகிச்சை, இத்தனை நாட்களாக வாந்தி, தயமின் போட்டாயிற்றா என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோய், தீட்டிய அரிசியை மட்டும் நம்பி வாழ்ந்த மக்களைத் தாக்கியது. அதை ஆராய 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய சிறு பிரிவுதான் பின்னாளில் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. புழுங்கல் அரிசியில் பச்சரிசியைவிடத் தயமின் கூடுதலாகத் தங்கும் என்றாலும், தொடர் வாந்தியில் இருப்பவருக்கு அரிசியின் வகை உதவாது, ஊசிதான் உதவும்.

மாத்திரைகளை எத்தனை காலம் எடுக்க வேண்டும்? நன்றாக உணர்ந்தால் நிறுத்தலாமா?

வாழ்நாள் முழுவதும். இதை ஒரு நோய்க்கான மருந்தாக நினைப்பதால்தான், நோய் போனதும் நிறுத்தலாமே என்று தோன்றுகிறது. எடுத்துவிட்ட இரைப்பைக்கும் ஒதுக்கிவைத்த குடலுக்கும் பதிலாக நாம் வைத்துக்கொண்டிருக்கும் ஏற்பாடு இது. கண்ணாடி அணிந்தவர் பார்வை தெளிவாகத் தெரிகிறது என்று கண்ணாடியைக் கழற்றி எறிவதில்லை.

மாத்திரை நிறுத்தப்படுவது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் ஆண்டில். எடை குறைந்திருக்கும், சர்க்கரை கட்டுக்குள் வந்திருக்கும், ஊரார் பாராட்டுவார்கள், மருத்துவமனைப் பக்கம் போவதும் நின்றிருக்கும். பி12 சேமிப்பு காலியாவதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். அப்போது வரும் விரல் மதமதப்பையும் மறதியையும் வயதின் மேல் போட்டுவிடுகிறார்கள்.

பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் நாளளவுகள் இவை. தயமினும் துத்தநாகமும் செம்பும் அடங்கிய முழுமையான மல்டிவைட்டமின் ஒன்று. வெறும் பி காம்ப்ளெக்ஸ் அதற்கு ஈடாகாது. பி12 வாய்வழியாக 350 முதல் 1,000 மைக்ரோகிராம், அல்லது மாதம் ஒருமுறை 1,000 மைக்ரோகிராம் ஊசி. கால்சியம் 1,200 முதல் 1,500 மி.கி., உணவிலிருந்து கிடைப்பதையும் சேர்த்து. வைட்டமின் டி 3,000 யூனிட், இரத்த அளவைப் பார்த்துக் கூட்டியோ குறைத்தோ. இரும்பு ஆண்களுக்கு 18 மி.கி.; மாதவிடாய் வரும் பெண்களுக்கும் பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கும் 45 முதல் 60 மி.கி. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினோ அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோ நெடுநாள் எடுப்பவர்களுக்கு பி12 இன்னும் விரைவாகக் குறையும் என்பதையும் மருத்துவரிடம் நினைவூட்டுங்கள். குடலின் நீண்ட பகுதியைத் தாண்டிச் செல்லும் பைபாஸ் வகைகளில் வைட்டமின் ஏ உள்ளிட்ட கொழுப்பில் கரையும் சத்துகளும், புரதமும்கூடக் குறையும்; கால் வீங்குவது புரதக் குறைவின் அறிகுறியாக இருக்கலாம், காத்திருக்காதீர்கள்.

இத்தனை மாத்திரைகளையும் எந்த வேளையில் எடுப்பது? காலையில் காபி இல்லாமல் முடியாது.

இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கக் கூடாது. ஒன்று மற்றொன்றின் வழியை மறிக்கும். குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியத்தையும் ஒரே வேளையில் 500 அல்லது 600 மி.கி.க்கு மேல் உடல் ஏற்காது என்பதால் இரண்டு மூன்றாகப் பிரித்து எடுக்க வேண்டும். மருந்துக் கடையில் கால்சியம் என்று கேட்டால் பெரும்பாலும் கார்பனேட் வகையைத் தருவார்கள். அது கரைய அமிலம் வேண்டும். உங்களிடம் அமிலம் குறைவு. சிட்ரேட் வகையைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

காபி, டீ இரண்டும் இரும்பைத் தடுப்பவை. காலைக் காபியை விட முடியாதவர்கள், அதன் பாலில் கால்சியமும் இருக்கிறது என்பதைக் கருதி, இரும்பு மாத்திரையைப் படுக்கப் போகும்முன் நெல்லிக்காய்ச் சாறோடோ எலுமிச்சைச் சாறோடோ எடுத்துக்கொள்வது எளிய வழி.

கேழ்வரகிலும் முருங்கைக்கீரையிலும் இல்லாத சத்தா மாத்திரையில் இருக்கிறது?

இரண்டும் சிறந்த உணவுகளே. 100 கிராம் கேழ்வரகில் 350 மி.கி. அளவுக்குக் கால்சியம் உண்டு. ஆனால் அது மாவின் எடை. இப்போது உங்களால் உண்ண முடிவது அதில் நான்கில் ஒரு பங்குகூட இருக்காது. அதோடு, தானியங்களில் உள்ள ஃபைட்டேட் கால்சியத்தையும் இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் அது ஓரளவு விடும். உணவாக உண்ணுங்கள், மாத்திரைக்கு மாற்றாக எண்ண வேண்டாம்.

மூன்று மாதமாகக் கொத்துக் கொத்தாக முடி உதிர்கிறது. பயோட்டின் எடுக்கலாமா?

வேகமாக எடை இறங்கும்போது முடியின் வேர்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போவதால் மூன்றாவது மாதம் அளவில் உதிர்வு தொடங்கும். சில மாதங்களில் தானாகத் தணிந்து, முடி மீண்டும் வளரும். புரதமும் இரும்பும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் நீடித்தால் ஃபெரிட்டினையும் துத்தநாகத்தையும் பார்க்க வேண்டும். பயோட்டின் என்ற பி வகை வைட்டமினின் குறைவு அரிது; கடைக்காரர் சொல்லி வாங்கும் மாத்திரைகளால் பயன் குறைவு.

கல்யாண வீட்டில் கொஞ்சம் பாயசம் சாப்பிட்டேன். படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு. என்ன ஆயிற்று?

சர்க்கரை மிகுந்த உணவு குடலுக்குள் திடீரென இறங்கியதன் விளைவு; பைபாஸ் செய்தவர்களிடம் அதிகம், ஸ்லீவிலும் வரலாம். உண்ட 10 முதல் 30 நிமிடங்களுக்குள் வருவது ஒரு வகை. ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து, இன்சுலின் மிகையாகச் சுரந்து இரத்தச் சர்க்கரை இறங்கி வருவது மற்றொன்று. அதில் கைநடுக்கமும் மயக்கமும் இருக்கும். இரண்டாம் வகை திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வெல்லம், கருப்பட்டி, தேன், கரும்புச்சாறு எதுவும் இதில் சர்க்கரைக்கு விலக்கல்ல. பரிமாறுபவரிடம் "போதும்" என்று சொன்னால் கேட்க மாட்டார். இலையை மடித்துவிடுவதே நல்லது.

செவ்வாய், வெள்ளி விரதமும் ரமலான் நோன்பும் இருக்கலாமா?

முதல் ஆண்டில் வேண்டாம். தண்ணீரும் புரதமும் பகல் முழுவதும் சிறிது சிறிதாகப் போய்க்கொண்டிருக்க வேண்டிய உடல் அது. அதன்பிறகும் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

எப்போது கருத்தரிக்கலாம்?

அறுவை சிகிச்சைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் காத்திருக்க வேண்டும். எடை குறைவதால் கருவுறும் வாய்ப்பு எதிர்பாராத வேகத்தில் திரும்பும். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப முடியாது. திட்டமிடும்போதே ஃபோலிக் அமிலம், இரும்பு, பி12 அளவுகளைப் பார்த்து, மல்டிவைட்டமினில் உள்ள வைட்டமின் ஏ ரெட்டினால் வகையா, பீட்டா கரோட்டின் வகையா என்பதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். ரெட்டினால் மிகையானால் கருவுக்குத் தீங்கு.

எந்தப் பரிசோதனைகளை எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும்?

முதல் ஆண்டில் மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களிலும், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையும். சிகிச்சைக்கு முன் செய்த அதே பட்டியலோடு, எலும்பைக் காக்கும் கணக்கில் பாராதைராய்டு ஹார்மோனையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். ஆய்வகத் தாள்களைத் தேதிவாரியாக ஒரே கோப்பில் வைத்து, ஒவ்வொரு முறையும் முழுக் கோப்பையும் எடுத்துச் செல்லுங்கள். ஃபெரிட்டின் 60-லிருந்து 40-க்கும், 40-லிருந்து 25-க்கும் இறங்கிக்கொண்டிருப்பது, ஒவ்வொரு தாளிலும் 'இயல்பு' என்றே அச்சிடப்பட்டிருந்தாலும், மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்ப்பவருக்குத்தான் தெரியும்.